அமிர்தி ஏற்றமும் இதயத்தின் கால்சியக் கணக்கும்



மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். "ஹாஸ்டல் நினைவுகள், மெஸ் சாம்பார் எல்லாம் நிறைய வந்தாச்சு சார். வரலாறு மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார்கள். எலக்ட்ரிக்கல் படித்தவனுக்கு என்ன வரலாறு தெரியும் என்று முதலில் தயங்கினேன். பிறகு சந்திப்பின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினேன். "இரண்டாம் நாள்: அமிர்தி சிற்றுலா" என்றிருந்தது. விஷயம் கிடைத்துவிட்டது.

மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பதால் பத்து வருஷமாக எனக்கு இதய மருத்துவர்களோடு சகவாசம். அவர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் போனால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி. வனவிலங்குப் பூங்கா, காட்டாறு, மழைக்காலத்தில் அருவி. தம்பிகள் ஓடியே ஏறிவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய அண்ணன்களில் சிலருக்கு முதல் மேட்டிலேயே நெஞ்சை யாரோ பிடிப்பது போலிருக்கும். ஒரு பாறையில் உட்காருவார்கள். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். அடுத்த மேட்டில் ஏறும்போது அந்த இறுக்கம் வராது. "இஞ்சின் சூடாகணும்ப்பா, அவ்ளோதான்" என்று சிரித்துக்கொண்டு நடப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது மேட்டைப் பற்றியது. முதல் மேட்டில் வலித்த நெஞ்சு இரண்டாவது மேட்டில் ஏன் வலிக்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள மனிதனுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

விறகு அறுத்த நோயாளி

1772-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஒரு நெஞ்சுவலியைப் பற்றி எழுதினார். நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போது, அதிலும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இந்த வலி வரும். நின்றுவிட்டால் போய்விடும் என்பது அவர் தந்த வர்ணனை. (ஆம்பூர் பிரியாணியை முடித்துவிட்டு அமிர்தி ஏற நினைப்பவர்கள் கவனிக்க.) "ஆஞ்சைனா" என்ற பெயரை இந்த நோய்க்கு வைத்தவரும் அவரே. அவர் காலமான பின் 1802-இல் வெளிவந்த நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரு நோயாளி தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டார், ஏறக்குறைய குணமாகிவிட்டார். ஏன் என்று ஹெபர்டனுக்குத் தெரியாது. இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாது.

குழாய்த்தண்ணீர் சொன்ன ரகசியம்

அடுத்த கதையும் லண்டனில்தான். யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். 1882-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். பிறகுதான் ஒரு சங்கதி தெரியவந்தது. கரைசலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் தயாரிக்கவில்லை. ஊருக்கு வரும் குழாய்த்தண்ணீரில் தயாரித்திருந்தார்கள். சுத்தமான வடிநீரில் கரைசல் செய்து மறுபடி சோதித்தால் இதயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து நின்றுபோனது. குழாய்த்தண்ணீரில் என்ன இருந்தது? கால்சியம்! நம்ம ஊர் போர்த்தண்ணீரில் பக்கெட் ஓரமாக வெள்ளையாகப் படிகிறதே, அதில் இருக்கும் அதே கால்சியம்தான். 1883-இல் ரிங்கர் இதைத் திருத்தி வெளியிட்டார். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் "ஆர்.எல். பாட்டில் எடுத்துட்டு வா" என்கிறார் அல்லவா? அந்த 'ஆர்' ரிங்கரின் பெயரில் வரும் 'ஆர்' என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்பது இப்படித்தான் தெரிந்தது. அதே கால்சியம் இதயத்தைக் கொல்லவும் செய்யும் என்பது தெரிய இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

கொஞ்சம் பொறியியலாகப் பார்ப்போம். இதயத்தசையின் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் பத்தாயிரம் பங்கு என்றால், ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் ஒரு பங்குதான். ஒவ்வொரு துடிப்பின்போதும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வரும். அது செல்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு கிடங்கைத் திறந்துவிட, அங்கிருந்து நிறையக் கொட்டும். தசை சுருங்கும். சுருங்கியது மறுபடி விரிய வேண்டுமானால் கொட்டியதை அள்ளியாக வேண்டும். பெரும்பகுதியை 'செர்கா' என்ற பம்ப் கிடங்குக்கே திருப்பி ஏற்றும். மிச்சத்தைச் சோடியத்தை உள்ளே வாங்கிக் கால்சியத்தை வெளியே தள்ளும் ஒரு பண்டமாற்று வாசல் பார்த்துக்கொள்ளும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது. இதற்கெல்லாம் செலவாகும் எரிபொருளின் பெயர் ஏ.டி.பி. அதைத் தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும்.

இப்போது இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். ஆக்சிஜன் இல்லை. ஏ.டி.பி. குறைகிறது. பம்புகள் தளர்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிப்பதால் செல்லில் அமிலம் சேருகிறது. அமிலத்தை வெளியே தள்ளச் செல் சோடியத்தை உள்ளே விடுகிறது. சோடியம் மிதமிஞ்சியதும் அந்தப் பண்டமாற்று வாசல் தலைகீழாகச் சுழன்று, வெளியே தள்ளவேண்டிய கால்சியத்தை உள்ளே இழுக்க ஆரம்பிக்கிறது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும்போது சேதம் இன்னும் வேகமெடுக்கலாம். 2012-ஐ ஒட்டிய பவர்கட் காலத்தில் இங்கே படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கரண்ட் போகும்போது யாரும் ஸ்விட்சை அணைக்க மாட்டோம். திரும்பி வந்ததும் ஹாஸ்டல் மோட்டார், ஃபேன், கிரைண்டர் எல்லாம் ஒரே நொடியில் இழுக்கும், ஃபியூஸ் போய்விடும். செல்லிலும் அதுதான். ரத்தம் வந்ததும் தேங்கிய கால்சியத்தோடு தசைநார்கள் கெட்டியாகச் சுருண்டுகொள்கின்றன. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை அளவுக்கு மீறி விழுங்கி, அதன் சுவரில் ஒரு துளை திறந்துகொள்கிறது. அந்தத் துளை திறந்தால் அந்தச் செல்லின் கதை முடிந்தது. அமெரிக்க நோய்க்கூறு அறிஞர் ராபர்ட் ஜென்னிங்ஸ் 1960-லேயே ரத்தம் திரும்பிய தசையில் சேதம் விரைவதைக் காட்டினார். 1972-இல் அப்படிப்பட்ட தசையில் கால்சியம் குவிவதையும் அவரது குழு அளந்தது.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் பழமொழி. இதயத்துக்குக் கால்சியம்தான் அந்த அமிர்தம்.

வேலூரும் அந்தக் கேள்வியும்

ரத்தம் இல்லாமல் இதயம் எத்தனை நிமிஷம் தாங்கும்? இந்தக் கேள்வி நம் வேலூருக்கும் புதிதல்ல. 1940-களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து மார்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் என்.கோபிநாத் அங்கே செய்த திறந்த இதய அறுவை சிகிச்சை, இந்தியாவின் முதல் வெற்றிகளில் ஒன்றாகப் பேசப்படுவது. 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். இத்தகைய அறுவைகளில் இதயத்துக்குப் போகும் ரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்தவேண்டி வரும். கத்தியைப் பிடித்தவருக்கு ஒரு கண் இதயத்தின் மீது, ஒரு கண் கடிகாரத்தின் மீது.

அப்போது எல்லோரும் நம்பியது ஒன்றே: ஒவ்வொரு முறை ரத்தத்தை நிறுத்தும்போதும் சேதம் கூடிக்கொண்டே போகும். கடன்மேல் கடன் மாதிரி. இந்த நம்பிக்கையை உடைத்ததில் ஒரு மாணவனுக்குப் பங்கு உண்டு. தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

1986

காவலூரில் வைணு பாப்பு தொலைநோக்கி திறக்கப்பட்டது 1986 ஜனவரியில் என்று ஜவ்வாது மலைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே வருஷம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மரி என்ற ஆராய்ச்சி மாணவர், ஜென்னிங்ஸ், கீத் ரெய்மர் ஆகியோருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜென்னிங்ஸ் என்றால் மேலே பார்த்தோமே, அவரேதான்.

அவர்கள் முதலில் ஒன்றைக் கவனித்தார்கள். இதயத்துக்கு ரத்தத்தைச் சில நிமிஷம் நிறுத்தினால் ஏ.டி.பி. குறைகிறது, சரி. ஆனால் மறுபடி மறுபடி நிறுத்தினால் அது மேலும் மேலும் குறைவதில்லையே! முதல் அடிக்குப் பிறகு செல் ஏதோ சிக்கனம் கற்றுக்கொள்கிறதோ?

சோதித்தார்கள். நாய்களின் இதய ரத்தக்குழாய் ஒன்றை 5 நிமிஷம் அடைத்து 5 நிமிஷம் திறந்தார்கள். இப்படி நான்கு முறை. பிறகு ஒரேயடியாக 40 நிமிஷம் அடைத்தார்கள். கடன் கணக்குப்படி இந்த நாய்களுக்குச் சேதம் அதிகமாக வேண்டும். நடந்தது நேர்மாறு. நேரடியாக 40 நிமிஷ அடைப்பைச் சந்தித்த நாய்களோடு ஒப்பிட்டால் செத்த தசையின் அளவு நாலில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது! சின்னச் சின்ன மூச்சுத்திணறல் இதயத்தைப் பெரிய திணறலுக்குத் தயார் செய்துவிட்டது.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருந்தது. அடைப்பை 3 மணி நேரம் நீட்டித்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. பாதுகாப்பு என்பது அவகாசம் மட்டுமே. இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

உள்ளே நடப்பது என்ன?

மறுபடி பவர்கட்டுக்கு வருவோம். கரண்ட் ஒருமுறை போய் வந்ததும் விவரமான வார்டன் என்ன செய்வார்? தேவையில்லாத ஸ்விட்சையெல்லாம் அணைத்துவைப்பார். அடுத்த கட் நீண்டாலும் இன்வெர்ட்டர் தாங்கும். கரண்ட் வந்தாலும் ஃபியூஸ் போகாது. இதயச் செல்லும் ஏறக்குறைய அதையே செய்கிறது.

முதல் சிறு திணறலில் செல்லிலிருந்து அடினோசின் போன்ற பொருள்கள் கசிகின்றன. அவை செல்லின் கதவைத் தட்டி உள்ளே ஒரு எச்சரிக்கைச் சங்கிலியைக் கிளப்புகின்றன. அடுத்த திணறலில் செல் எரிபொருளை மெதுவாகச் செலவழிக்கிறது. அமிலம் குறைவாகச் சேர்கிறது. ஆகவே சோடியமும் குறைவு, கால்சியமும் குறைவு. 1993-இல் அமெரிக்காவில் ஸ்டீன்பெர்கன், மர்ஃபி குழுவினர் துடிக்கும் எலி இதயத்தை, எம்.ஆர்.ஐ.க்கு அண்ணன் முறையான ஒரு காந்தக் கருவிக்குள் வைத்து, செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தை நேரடியாகவே அளந்தார்கள். முன்பயிற்சி பெற்ற இதயத்தில் கால்சிய ஏற்றம் தணிந்தே இருந்தது. ரத்தம் திரும்பும் நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் அந்தத் துளையும் சுலபத்தில் திறப்பதில்லை.

இன்னும் வேடிக்கை என்னவென்றால், திணறலே இல்லாமல் கால்சியத்தை மட்டும் கொஞ்ச நேரம் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாலும் அதே பாதுகாப்பு கிடைப்பதாக 1990-களின் சோதனைகள் சொல்லின. கொல்லுகிற அதே பொருள் சிறு அளவில் எச்சரிக்கை மணி அடிக்கிறது. தடுப்பூசி மாதிரின்னு வெச்சுக்கலாம்.

இந்தப் பாதுகாப்பு இரண்டு தவணையாக வருகிறது. முதல் தவணை உடனே ஆரம்பித்து ஓரிரு மணி நேரத்தில் மங்கிவிடும். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, செல் புதிய புரதங்களைத் தயாரித்த பின், இரண்டாவது தவணை வந்து இரண்டு மூன்று நாள் நிற்கும். இது 1993-இல் தெரியவந்தது.

மனிதர்களிடம்? 1990-இல், அடைப்பை நீக்கப் பலூனை ஊதும் சிகிச்சையின்போது, முதல் ஊதலைவிட இரண்டாவது ஊதலில் நோயாளிக்கு வலியும் இ.சி.ஜி. மாற்றமும் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். 1993-இல் லண்டனில் டெரெக் யெலன் குழுவினர், பைபாஸ் அறுவையில் முன்கூட்டியே மூன்று மூன்று நிமிஷமாக இருமுறை ரத்தத்தை நிறுத்தினால் இதயத்தசையின் ஏ.டி.பி. கூடுதலாக நிலைப்பதைக் காட்டினார்கள். ஹெபர்டனின் விறகு அறுத்தவருக்கும் அமிர்தியின் இரண்டாவது மேட்டுக்கும் ஒரு பகுதி விளக்கம் இப்படிக் கிடைத்தது. உடல் சூடானதும் ரத்த ஓட்டம் மாறுவதும் மீதி விளக்கத்தில் சேரும்.

மலைமேல் இருந்தவர்கள்

ஆக்சிஜன் குறைவான மலையில் வாழ்ந்தால் இதயம் தானே பழகிவிடுமா? 1958-லேயே பிராக் நகரில் கோபெக்கி, டௌம் என்ற இருவர், உயரமான மலையின் மெல்லிய காற்றில் விட்டுவிட்டு வைக்கப்பட்ட எலிகளின் இதயம் திணறலை நன்றாகத் தாங்குவதைக் கண்டார்கள். 2006-இல் சீன ஆய்வாளர்கள் இதைக் கால்சியக் கணக்கோடு சேர்த்தார்கள். தினம் ஆறு மணி நேரம் வீதம் ஆறு வாரம், 5,000 மீட்டர் உயரத்துக்குச் சமமான காற்றில் இருந்த எலிகளின் இதயச் செல்களில், திணறலுக்குப் பிறகும் செர்கா பம்பும் பண்டமாற்று வாசலும் ஒழுங்காக வேலை செய்தன.

நம் நாட்டிலும் ஒரு பெரிய கணக்கெடுப்பு உண்டு. 1965 முதல் 1972 வரை, சுமார் 3,700 மீட்டரிலிருந்து 5,500 மீட்டர் வரையான உயரத்தில் பணியாற்றிய 20,000 ராணுவ வீரர்களையும், சமவெளியில் இருந்த சுமார் 1,30,000 வீரர்களையும் டாக்டர் இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் ஒப்பிட்டார்கள். 1977-இல் வெளியான முடிவின்படி மலைமேல் இருந்தவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதயநோய் குறைவு. ஆனால் அவர்கள் இளைஞர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தினமும் உழைப்பவர்கள். எது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

"அப்போ ஜவ்வாது மலையிலேயே ஒரு வாரம் தங்கிடலாமே?" என்று கேட்காதீர்கள். காவலூரின் உயரம் 725 மீட்டர். 1,000 மீட்டரில்கூடக் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் குறையும். 5,000 மீட்டரில்தான் அது ஏறக்குறைய பாதியாகிறது. மூச்சை அடக்கிப் பார்ப்பதும் வீண். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதே, அதுவும் விட்டுவிட்டு வரும் ஆக்சிஜன் குறைவுதான். ஆனால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றி இதயத்துக்குக் கேடே செய்கிறது. எவ்வளவு, எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்பதில்தான் மருந்தும் விஷமும் பிரிகின்றன.

பாட்டிலில் அடைக்க முடியவில்லை

இவ்வளவு அருமையான விஷயத்தைச் சிகிச்சையாக்க முயலாமல் இருப்பார்களா? இதயத்தின் ஒரு பகுதியைத் திணறடித்தால் வேறு பகுதிக்கும் பாதுகாப்பு வருவது 1993-இல் தெரிந்தது. பிறகு கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிஷம் இறுக்கி, ஐந்து நிமிஷம் தளர்த்தினாலே போதும் என்றார்கள். சின்ன ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 2015-இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், 2019-இல் மாரடைப்பு வந்த 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இன்னொரு ஆய்வு, மூன்றுமே பலன் இல்லை என்று முடிந்தன.

காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. சோதனைச்சாலை விலங்குகள் இளமையானவை, ஆரோக்கியமானவை. நோயாளிகளோ வயதானவர்கள், பலருக்குச் சர்க்கரை. வயதும் சர்க்கரையும் இந்தப் பாதுகாப்பை மங்கவைக்கின்றன. சில மயக்க மருந்துகளும் குறுக்கே வரலாம். (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.) இன்னொரு காரணம் மகிழ்ச்சியானது: இப்போது அடைப்பை வேகமாகத் திறந்துவிடுகிறார்கள், இந்த உபாயம் காப்பாற்றுவதற்கு மிச்சம் குறைந்துவிட்டது.

அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள்

முந்தைய சந்திப்பு ஒன்றில் மூத்த அண்ணன் ஒருவர் அமிர்தியின் முதல் மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். மூன்று வாரம் கழித்து அவருக்கு மாரடைப்பு. வீட்டுக்குப் பக்கத்திலேயே மருத்துவமனை இருந்ததால் பிழைத்தார். "ரெண்டாவது மேட்டுல வலிக்கலையே, அதனால ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன்" என்று பிறகு போனில் சொன்னார். அவரது அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது மேட்டில் வலிக்காதது நல்ல இதயத்துக்கான சான்றிதழ் அல்ல. முதல் மேட்டில் திணறிய இதயம், கால்சியத்தைக் கட்டுக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. 1986-இன் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: 40 நிமிஷத்துக்குப் பலன், 3 மணி நேரத்துக்கு இல்லை. இதயம் வாங்கித் தந்த அந்த அவகாசத்தைச் சிரிப்பில் செலவழிக்கலாமா?

ஆகவே முதல் மேட்டில் நெஞ்சு இறுகினால், அல்லது தாடை, இடது கை வலித்தால், மேலே ஏறாதீர்கள். கூட வந்தவரிடம் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்து போய்விட்டாலும், ஊர் திரும்பியதும் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உட்கார்ந்தும் போகவில்லையென்றால் 108-ஐ அழையுங்கள். தானே வண்டி ஓட்டாதீர்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தர ஏற்பாடு இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் மூச்சுவாங்கலும் வியர்வையும் மட்டும் வரலாம். விழாக் குழுவினர் அன்று ஒரு வண்டியை ஓட்டுநரோடு அடிவாரத்திலேயே நிறுத்திவைத்தால் நலம்.

தம்பி தங்கைகளே, நீங்கள் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த்தண்ணீர் என்று தெரிந்ததும் அதை மறைக்காமல் அச்சில் ஏற்றிய ரிங்கரும், "சேதம் கூடவில்லையே, ஏன்?" என்று கேட்ட குழுவிலிருந்த ஒரு மாணவரும்தான் இந்த வரலாற்றின் திருப்பங்கள். உங்கள் லேபில் எதிர்பாராத ரீடிங் வந்தால் அழித்துவிட்டுப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதாதீர்கள். இரண்டாவது, மேடேறும்போது உங்களுக்கு முன்னால் நடக்கும் அண்ணன் சட்டென்று நின்றால், அவரைத் தாண்டி ஓடாமல் ஒரு நிமிஷம் நின்று, "என்னண்ணே, நெஞ்சு ஏதாவது பண்ணுதா?" என்று கேளுங்கள்.

அமிர்தியில் சந்திப்போம்.